ரெஃபரன்ஸ் பாணியை மாற்ற 5,000 ரூபாயா?

கேள்வி: பொது சுகாதாரத்தில் பிஎச்.டி. செய்கிறேன். ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் ஏ.பி.ஏ. பாணியில் எழுதிய என் கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்து அனுப்ப நினைக்கும் இதழ், ரெஃபரன்ஸுக்கு வரிசை எண் போடும் வான்கூவர் பாணி கேட்கிறது. மொத்தம் 46 ரெஃபரன்ஸ், எல்லாம் கையால் டைப் செய்தவை. பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள சென்டரில் மாற்றித் தர 5,000 ரூபாய் கேட்கிறார்கள். 'பத்து நல்ல ரெஃபரன்ஸும் சேர்த்துத் தருகிறோம், சப்மிட்டும் நாங்களே செய்துவிடுவோம்' என்கிறார்கள். கொடுக்கலாமா? ஃபார்மேட் தப்பாக இருந்தால் நிராகரித்துவிடுவார்களா?

பதில்: கொடுக்காதீர்கள். கமா இடம் மாறியதற்காக எந்த நல்ல இதழும் ஓர் ஆய்வை நிராகரிப்பதில்லை. மிஞ்சிப்போனால், 'எங்கள் பாணிக்கு மாற்றி மறுபடி ஏற்றுங்கள்' என்று இதழ் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதைப் பார்த்துப் பதறி, நிராகரித்துவிட்டார்கள் என்று வேறு இதழ் தேடுகிறவர்கள் உண்டு. எல்செவியர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனங்களின் பல இதழ்கள் முதல் முறை அனுப்பும்போது எந்தப் பாணியானாலும் ஏற்கின்றன. முதல் ரெஃபரன்ஸிலிருந்து கடைசிவரை ஒரே சீராக இருந்தால் போதும். ஆகவே முதலில் அந்த இதழின் கட்டுரையாளர் வழிகாட்டியைத் திறந்து படியுங்கள். மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

வான்கூவர் பாணி பிறந்ததே இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான். 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, தங்கள் இதழ்களுக்கெல்லாம் ஒரே வடிவத்தில் கட்டுரை அனுப்பினால் போதும் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் இன்றைக்கு வான்கூவர் என்று சொல்லிக்கொள்ளும் இதழ்களிலேயே ஒன்று எண்ணை அடைப்புக்குறிக்குள் போடச் சொல்கிறது, இன்னொன்று மேலே ஏற்றிப் போடச் சொல்கிறது. ஓரிடத்தில் ஆறு பெயருக்குப் பின் 'எட் ஆல்' (மற்றும் பலர்), வேறோரிடத்தில் மூன்று பெயருக்குப் பின். இதனால் படிக்கிறவருக்கு என்ன லாபம் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது.

உங்களுக்குத் தேவை, ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வேண்டிய பாணியில் அடுக்கித் தரும் ஜோட்டெரோ என்கிற இலவச மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006 முதல் கிடைக்கிறது. அதில் மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி, 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண்ணை (கட்டுரையின் நிலையான அடையாள எண்) ஒட்டினால் கட்டுரையின் விவரம் தானாக வந்து சேரும். பப்மெட் என்கிற மருத்துவக் கட்டுரைத் தளத்தின் எண்ணும் செல்லும். ஏற்கெனவே டைப் செய்தவை தாமாக மாறாது. வேர்டு கோப்பில் ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு மென்பொருள் வழியாகத்தான் நுழைக்க வேண்டும். 46 ரெஃபரன்ஸுக்கு ஓரிரு மாலை நேரம் போகும். அதற்குப் பிறகு எந்த இதழ் எந்தப் பாணி கேட்டாலும் பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அப்படி 10,000க்கும் மேற்பட்ட பாணிகள் அதில் இருக்கின்றன. இதை முதலாண்டிலேயே நூலகத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பதில்லை, எதிரே சென்டர் நடக்கிறது.

கூகுள் ஸ்காலரில் மேற்கோள் பொத்தானை அழுத்தி அப்படியே ஒட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் டி.ஓ.ஐ. வராது, பாதி நேரம் வேறு விவரமும் விடுபட்டிருக்கும். ஏ.ஐ.யிடம் ரெஃபரன்ஸ் கேட்டிருந்தால் இன்னும் ஆபத்து: இல்லாத கட்டுரைக்கு இருக்கிற விஞ்ஞானியின் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடும். ஒவ்வொரு டி.ஓ.ஐ.யையும் சொடுக்கி, நீங்கள் படித்த அதே கட்டுரைதான் திறக்கிறதா என்று பாருங்கள். கமா தவறை மன்னிக்கிற இதழாசிரியர் இல்லாத கட்டுரையை மன்னிக்க மாட்டார்.

மென்பொருளை நம்பக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது நம் ஊர்ப் பெயர்கள். பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்பது அதன் கணக்கு. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, முன்னால் நிற்பது அப்பாவின் இனிஷியல். எஸ். செந்தில் குமார் என்று அச்சிட்டிருந்தால் 'குமார் எஸ்.எஸ்.' ஆக்கிவிடும். இனிஷியலைப் பின்னால் போட்டு செந்தில் குமார் எஸ். என்றிருந்தால் கூத்து இன்னும் பெரிது: குடும்பப் பெயர் 'எஸ்', இனிஷியல் 'எஸ்.கே.'! தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையைப் 'பிள்ளை' என்று மட்டும் போட்டு, பி வரிசையில் கொண்டுபோய் வைத்துவிடும். ஆகவே குடும்பப் பெயர் கட்டத்தில் முழுப் பெயரையும், அடுத்த கட்டத்தில் இனிஷியலையும் நீங்களே மாற்றிப் போடுங்கள். ஆனால் அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 'குமார் எஸ்.எஸ்.' என்று பதிவு செய்திருந்தால், மனம் ஒப்பாவிட்டாலும் அப்படியே விட்டுவிடுங்கள். தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுவார். நிறுவனப் பெயருக்கும் இதே கதி நேரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர் 'ஆர்கனைசேஷன் டபிள்யூ.எச்.' என்று வந்து நிற்பதை அச்சான கட்டுரைகளிலேயே பார்க்கலாம். ஜோட்டெரோவில் பெயரை ஒரே கட்டமாக மாற்றும் வசதி இருக்கிறது. நிறுவனங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

இனி அந்தச் சென்டர். 'பத்து நல்ல ரெஃபரன்ஸ்' யாருக்கு நல்லது? உங்கள் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத கட்டுரைகளைச் செருகி, வேறு யாருடைய மேற்கோள் எண்ணிக்கையையோ ஏற்றிவிடுகிற வியாபாரம் இது. இப்படி மேற்கோள் குவிக்கும் இதழ்களைக் கிளாரிவேட் நிறுவனம், இதழ்களை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கும் தன் இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலிலிருந்து நிறுத்திவைப்பதும் நடக்கிறது. வாய்மொழித் தேர்வில் ஒருவர், 'இந்த 51ஆவது கட்டுரை என்ன சொல்கிறது?' என்று கேட்டால் சென்டர்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

அதைவிட முக்கியம், சப்மிட் செய்வதை அவர்களிடம் விடாதீர்கள். தங்கள் மின்னஞ்சலைத் தொடர்பு முகவரியாகக் கொடுத்துக் கணக்குத் திறந்துவிடுவார்கள். அப்புறம் இதழாசிரியர் எழுதும் கடிதம் எதுவும் உங்களுக்கு வராது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர்கள் வாசலில் காசோடு நிற்க வேண்டும். உங்களுக்கே தெரியாமல் மூன்றாவது ஆசிரியராக ஒரு பெயர் ஏறியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் மட்டும் தங்கள் விதிப்புத்தகத்தில் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய விதி என்ன என்று ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'சீக்கிரம் பேப்பர் போடாவிட்டால் தீசிஸ் தர முடியாது' என்ற பயத்தைக் காட்டித்தான் உங்களிடம் இந்த 5,000 கேட்கப்படுகிறது.

இதழுக்கு அனுப்பும் முன் வேர்டு கோப்பை இரண்டாக நகலெடுங்கள். ஒன்றில் மட்டும் ஜோட்டெரோ இணைப்பைத் துண்டித்து, சாதாரண எழுத்தாக்கி அனுப்புங்கள். மற்றதை இணைப்போடு அப்படியே பத்திரமாக வையுங்கள். மதிப்பீட்டாளர் நிச்சயம் இரண்டு மூன்று கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்வார், அதில் ஒன்று பெரும்பாலும் அவர் எழுதியதாகவே இருக்கும். நடுவில் ஒன்றைச் சேர்த்தாலும் அதற்குப் பிந்திய எண்கள் எல்லாம் மாறும். இணைப்புள்ள கோப்பில் அது தானாக நடந்துவிடும். அவர் சொன்ன கட்டுரை உங்கள் ஆய்வுக்குப் பொருந்தவில்லை என்றால் சேர்க்க வேண்டியதில்லை. பதில் கடிதத்தில் காரணத்தை இரண்டு வரியில் இதழாசிரியருக்கு எழுதுங்கள், ஏற்றுக்கொள்வார்.