51 பேர் கை தூக்கினால் 49 பேரின் உரிமை போய்விடுமா?

கேள்வி: தனிமனிதரின் உடல், உடைமை, ஒப்பந்தம் மூன்றிலும் அரசு தலையிடக் கூடாது என்று நம்புகிறவன் நான். “அப்படியானால் எல்லாச் சட்டத்தையும் மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்வதுதான் உன் கொள்கைக்குப் பொருந்தும்” என்கிறார் நண்பர். நூற்றில் 51 பேர் சேர்ந்து 49 பேரின் சொத்தை எடுத்துக்கொண்டால் அதுவும் பறிப்புதானே? இந்த லிபர்டேரியன் (தனிமனித சுதந்திரமே முதன்மை என்னும்) கொள்கையும் நேரடி ஜனநாயகமும் ஒத்துப்போகுமா?

பதில்: பறிப்புதான். முடிவெடுப்பது யார் என்பதற்குத்தான் ஜனநாயகம் விடை சொல்கிறது. எடுக்கும் முடிவு எதுவரை போகலாம் என்பது லிபர்டேரியன் கேள்வி. பொருளாதார அறிஞர் ஹயேக் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். உங்கள் நண்பர் ஒன்றாக்கிவிடுகிறார்.

அதற்காக வாக்கெடுப்பையே ஒதுக்கிவிடாதீர்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்தும் வாக்கெடுப்பு வேறு, மக்களே புதிய விதியைக் கொண்டுவரும் வாக்கெடுப்பு வேறு. சுவிட்சர்லாந்தில் இரண்டும் உண்டு. ஒரு சட்டம் அதிகாரபூர்வமாக வெளியானதிலிருந்து 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்து சேர்ந்தால் அது வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். அங்கே பெரும்பான்மை மறுத்தால் சட்டம் செத்தது. 1874 முதல் இருக்கும் இந்த உரிமையை லிபர்டேரியன் ஒருவர் தயங்காமல் ஆதரிக்கலாம். அரசின் கையைப் பிடித்து நிறுத்துவதைத் தவிர இது வேறெதுவும் செய்வதில்லை.

1891-இல் வந்த இரண்டாவது வகையில்தான் ஆபத்து. 18 மாதங்களில் 100,000 கையெழுத்து சேர்த்தால் அரசியலமைப்பையே திருத்தும் முன்மொழிவை வைக்கலாம். நிறைவேற வாக்காளர்களில் பெரும்பான்மையும் வேண்டும், கேன்டன்களில் (சுவிஸ் மாநிலங்களில்) பெரும்பான்மையும் வேண்டும். இந்த இரட்டைப் பூட்டு போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2009-இல் மினாரெட் (மசூதிக் கோபுரம்) கட்டத் தடை விதிக்கும் முன்மொழிவை 57.5 சதவீதம் பேர் ஏற்றார்கள். பெரும்பாலான கேன்டன்களும் ஏற்றன. அப்போது நாடு முழுவதும் இருந்த மினாரெட்டுகள் நான்கே நான்கு. யாருக்கும் தீங்கு செய்யாத சிறுபான்மையினர் தங்கள் நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எதில் வாக்கெடுக்கவே கூடாது என்ற வேலி அங்கே மிகவும் தாழ்வாக இருந்ததே காரணம்.

அதே வாக்காளர்கள்தான் 2001-இல் அரசின் கடனுக்குக் கடிவாளம் போடும் விதியைச் சுமார் 85 சதவீத ஆதரவோடு அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 2014-இல் நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியத்தையும் 2016-இல் அனைவருக்குமான அடிப்படை வருமானத்தையும் பெருவாரியாக மறுத்தார்கள். ஆக, கையில் கிடைத்ததையெல்லாம் மக்கள் பங்குபோட்டுக்கொள்வார்கள் என்ற பயம் பாதிதான் உண்மை. செலவுக் கணக்கு தங்கள் முன்னால் வைக்கப்பட்டால் பலமுறை நிதானமாகவே முடிவெடுக்கிறார்கள். தங்களைப் போல இல்லாதவரின் உரிமை என்று வரும்போதுதான் சறுக்குகிறார்கள். பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை தருவதை 1959-இல் ஆண் வாக்காளர்கள் மறுத்து, 1971-இல்தான் தந்தார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் கேன்டனில் 1990-இல்கூட மறுப்பே வந்தது. அதே ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தப் பெண்களுக்குக் கேன்டன் வாக்கு கிடைத்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிக்கல் வேறு விதம். 1978-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 13-ஆம் முன்மொழிவு சொத்துவரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் நிறுத்தி, மாநில வரியை உயர்த்தச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றது. 1988-இல் அதேபோல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 98-ஆம் முன்மொழிவு கல்விக்குக் குறைந்தபட்ச ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. வரவை ஒரு நாளிலும் செலவை இன்னொரு நாளிலும் தனித்தனியாகக் கேட்டால் ஒன்றோடொன்று பொருந்தாத விதிகள்தான் சேரும். செலவு கேட்கும் முன்மொழிவு எந்த வரியிலிருந்து அல்லது எந்தச் செலவுக் குறைப்பிலிருந்து பணம் என்பதையும் அதே சீட்டில் சொல்ல வேண்டும் என்ற விதி அவசியம்.

நண்பரிடம் நீங்கள் வைக்க வேண்டிய நிபந்தனைகளில் முதலாவது, பேச்சு, வழிபாடு, உடைமை, உடல் ஆகியவை வாக்கெடுப்புக்கே வரக் கூடாது, மீறி வந்தால் நீதிமன்றம் முன்கூட்டியே நிராகரிக்க வேண்டும் என்பது. அடுத்தது அளவு: வரியைக் குறைக்கவும் சட்டத்தை நீக்கவும் எளிய பெரும்பான்மை போதும், புதிய வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எல்லோரும் சம்மதித்தால்தான் வரி என்று கேட்பது கொள்கைக்கு மிக நெருக்கம். ஸ்வீடன் பொருளாதார அறிஞர் விக்செல் 1896-இலேயே அந்தத் திசையில் வாதிட்டார். ஆனால் விகிதம் ஏற ஏற, பேசி முடிக்கும் செலவும் ஒரே ஒருவர் பிடிவாதம் பிடித்துப் பேரம் பேசும் வாய்ப்பும் ஏறும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் புக்கானனும் டல்லக்கும் 1962-இல் விளக்கியது இந்த இழுபறியைத்தான். பிறகு, முடிவெடுக்கும் வட்டம் சிறியதாக இருக்கட்டும். பிடிக்காதவர் அடுத்த ஊருக்குப் போக வழியிருந்தால் பெரும்பான்மையின் பிடி தளரும்.

இன்னொன்றையும் கேளுங்கள், பலர் கவனிக்காதது: வரி விதிக்கும் அதிகாரத்துக்குக் காலாவதி உண்டா? சுவிஸ் கூட்டாட்சி அரசு வருமான வரியும் மதிப்புக்கூட்டு வரியும் வசூலிக்கும் அதிகாரத்துக்கு அரசியலமைப்பிலேயே கெடு இருக்கிறது. 2018-இல் வாக்காளர்கள் அதை 2035 முடிய நீட்டித்தார்கள். அதற்குப் பிறகும் வசூலிக்க அரசு மறுபடியும் அவர்களிடம் வந்து கேட்க வேண்டும்.