சைலன்சருக்குள் மழை: டிராக்டர் கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி நனைந்த டிராக்டர்களைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

நாலு நாள் மழையில் வண்டி வயலோரமே நின்றது. சைலன்சருக்கு மூடி இல்லை. செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா? (மன்னார்குடி)

அடிக்காதீர்கள். முதல் வேலையாக பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் "சும்மா பார்த்தேன்" என்று வீட்டில் ஒருவர் சாவியைத் திருகிவிடுவார்.

கணக்கு இதுதான். 2 அங்குல சைலன்சர் வாயில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 200 மில்லி தண்ணீர் உள்ளே போகும். நின்ற நேரத்தில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள் அதில் ஒரு பங்கு இறங்கும். உங்கள் 45 எச்.பி. வண்டியில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 50 மில்லிதான், பாதி டீ கிளாஸ். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வளைவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு.

ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ, பால் காபி நிறமாக இருந்தாலோ தண்ணீர் எஞ்சின் அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் வரை போய்விட்டது. ஆயில் சுத்தமாக இருக்கிறதென்று துள்ளவும் வேண்டாம், சிலிண்டரில் தண்ணீர் அப்படியே நிற்கலாம். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டி நின்றால் பலம் காட்டாமல் விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பேட்டரி வயரை மாட்டி, ஐந்து ஐந்து நொடியாக செல்ஃப் கொடுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், நாசில் துளைக்கு நேரே முகத்தை நீட்டாதீர்கள்.

அப்புறம் துளைக்கு இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு இன்னொரு தடவை சுற்றுங்கள். நாசிலுக்குப் புது காப்பர் வாஷர், எஞ்சினுக்குப் புது ஆயில், புது ஃபில்டர். டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுத்து) ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு, அந்த ஆயிலையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில் ஊற்றுங்கள். ஏழெட்டு லிட்டர் ஆயில் வீணாகிறதே என்று அழாதீர்கள்.

2023-க்குப் பின் வந்த 50 எச்.பி.க்கு மேற்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் அதிக அழுத்தத்தில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில்தான். அதில் நாசிலை நீங்களாகத் தொட வேண்டாம்.

டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யலாம்? (பட்டுக்கோட்டை)

என்ன வண்டி, தண்ணீர் எதுவரை நின்றது, செல்ஃப் சுற்றுகிறதா இல்லையா, எதுவும் எழுதவில்லை. நான் ஜோசியன் இல்லை. விவரத்தோடு எழுதுங்கள், அதுவரை சாவியைத் தொடாதீர்கள்.

செல்ஃப் அடித்தேன், "டக்" என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. பேட்டரி நன்றாக இருக்கிறது. பக்கத்து வயல்காரர் தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார். (சிதம்பரம்)

இந்தக் கயிறு யோசனையை ஒவ்வொரு மழைக்கும் யாரோ ஒரு பக்கத்து வயல்காரர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். நானும் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த "டக்" சத்தம் உங்கள் எஞ்சின் போட்ட கும்பிடு. பிஸ்டன் தண்ணீரில் முட்டியது, செல்ஃப் மோட்டாருக்கு அதற்கு மேல் தள்ளத் தெம்பில்லை, நின்றுவிட்டது. நல்லவேளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்கிற டிராக்டருக்கு அந்தக் கருணை கிடையாது. இரண்டு டன் வண்டி, பின் சக்கரம் உருள, கியர் வழியாக கிராங்கை விடாமல் திருப்பும். தண்ணீர் விட்டுக்கொடுக்காது, ராடுதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

2008-இல் நிஷா புயல் முடிந்த கையோடு திருவாரூர்ப் பக்கம் ஒரு வண்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இழுத்தவுடன் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஊரே கைதட்டியதாம். பத்து நாள் உழவும் ஓடியது. பதினோராம் நாள் கேஜ் வீல் என்ற சேற்று இரும்புச் சக்கரம் போட்டு சேற்றில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் ராடு முறிந்து பிளாக்கின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளங்கை நுழையும் ஓட்டை, அதன் வழியே கறுப்பு ஆயில் நாற்றங்காலில் கொட்டிக்கிடந்தது. முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், கருக்கரிவாள் மாதிரி வளைந்திருந்தது. முதல் நாள் வளைந்தது அது. கைதட்டிய ஊரில் ஒருவரும் பிளாக்குக்குப் பணம் தரவில்லை.

ஆகவே கயிறு வேண்டாம். மேலே சொன்னபடி நாசிலைக் கழற்றித் தண்ணீரை எடுங்கள். நீங்கள் ஒரு தடவை செல்ஃப் அடித்துவிட்டதால், ஓட்டுவதற்கு முன் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் ராடு வளைந்து பிஸ்டன் மேலே வரவில்லை என்று சந்தேகப்படலாம். அப்போது ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் சரி.

ஆயில் பால் காபி நிறமாகிவிட்டது. ஒரு டிரம்மில் ஊற்றித் தெளியவைத்துத் திரும்ப ஊற்றலாமா? (திருத்துறைப்பூண்டி)

கூடாது. வண்டி ஓடாமல் நின்றிருந்தால் டிரெயின் நட்டை மெல்லத் தளர்த்தும்போது முதலில் தண்ணீர் தனியாக வரும். அதைப் பார்த்துவிட்டு ஆயில் பிழைத்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பால் காபி நிறமானால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது, அது அப்படித் தனியாகப் பிரியாது.

மழையில் சைலன்சரை எதைக் கொண்டு மூடுவது? பிளாஸ்டிக் பை கட்டினால் உருகி ஒட்டுகிறது. (வேதாரண்யம்)

கொட்டாங்கச்சி. மறந்துபோய் அப்படியே ஸ்டார்ட் செய்தாலும் பறந்து விழும், கண்டம் ஒன்றுமில்லை. கடையில் கிடைக்கும் இரும்பு மூடியும் நல்லதுதான், அதன் கீல் துருப்பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எஞ்சினுக்குத் தண்ணீர் ஏறவில்லை, பின் சக்கரம் பாதி வரைதான் நின்றது. ஓட்டலாமா? (கீழ்வேளூர்)

பின் சக்கரம் பாதி என்றால் கியர் பாக்ஸும் பின் ஆக்ஸிலும் நனைந்திருக்கும். பிரீதர் என்ற காற்றுத் துளை வழியே தண்ணீர் உள்ளே போகும். ஹைட்ராலிக் ஆயில் வெளுத்திருந்தால் முழுதும் மாற்றுங்கள், டாப் அப் செய்து சமாளிக்காதீர்கள். ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தையும் இறக்கிப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கி, ஆயில் மேலே மிதக்கும். முன் சக்கர ஹப்புக்குப் புது கிரீஸ். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்துப் போடுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறது, வண்டி சீட் வரை மூழ்கியது. கிடைக்குமா? (காட்டுமன்னார்கோயில்)

தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி படம் எடுங்கள், உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், சர்வேயர் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மூழ்கியது ஒரு கணக்கு. மூழ்கிய பிறகு செல்ஃப் அடித்து ராடு வளைந்தால், அதை உங்கள் கைவேலை என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

மழை நின்று பத்து நாள். கிளட்ச் மிதித்தாலும் கியர் விழவில்லை, கரகர என்கிறது. (லால்குடி)

பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. பெடலை மிதித்து மரக்கட்டை முட்டுக் கொடுத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முட்டுக் கொடுத்தபடியே, நியூட்ரலில் எஞ்சினைச் சூடாக ஓடவிட்டுப் பாருங்கள். விடவில்லையென்றால் வண்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து உதறவைக்கிற வித்தையை நெல் களத்தில் பிள்ளைகள் விளையாடும்போது யாரும் காட்ட வேண்டாம், வண்டி பாயும்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை. குச்சியில் ஆயில் சுத்தம். (குளித்தலை)

குளிர்காலத்தில் சிறிது நேரமே ஓடும் வண்டிக்கு அது வரும். ஒரு மணி நேரம் லோடு போட்டு ஓட்டுங்கள், போய்விடும்.