வெட்டி ஒட்டுபவரிடம் கேளுங்கள்: வலையொலிக் கேள்வி பதில்

மற்றவர்கள் பேசிய ஒலிப்பதிவை வெட்டி ஒட்டுவதுதான் 11 வருடமாக என் பிழைப்பு. நடப்பு விவகாரம், வணிகம், பண்பாட்டு வரலாறு ஆகியவற்றைப் பேசும் வலையொலிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவை இவை.

இரவுப்பறவை: வலையொலி என்பதா, பாட்காஸ்ட் என்பதா?

எதைச் சொன்னாலும் புரிகிறது. 2004-ல் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி இந்தப் புது விஷயத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மூன்று பெயர்களைப் போட்டுப் பார்த்தார். அதில் ஒன்று நின்றது. மூலப் பெயரே அப்படிப் பிறந்ததுதான், நாம் அடித்துக்கொள்ள வேண்டாம்.

குமிழ்: சொந்தமாகத் தொடங்கப்போகிறேன். எந்த மைக் வாங்கலாம்?

இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. ஜன்னலைச் சாத்துங்கள்.

அவசரக்காரன்: காலையில் ஒரு செய்தி வலையொலி கேட்கிறேன் சார். செய்தித்தாளை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். நியூயார்க் டைம்ஸ் 2017-ல் ‘தி டெய்லி’யைத் தொடங்கியபோது பிடித்த வடிவம் இது: ஒரு நாளைக்கு ஒரு விஷயம், அரை மணி நேரம் போல, அதை எழுதிய நிருபரையே உட்காரவைத்துக் கேட்பது. பிறகு பலரும் அதே வழியில் வந்தார்கள். அந்த ஒரு விஷயம் உங்களுக்கு நன்றாகப் புரியும். அன்றைக்கு நடந்த மற்ற இருபது விஷயங்கள் காதிலேயே விழாது.

இன்னொன்று, பதிவான தேதியைப் பாருங்கள். வெளியான தேதி வேறு, பதிவான தேதி வேறு. போர், தேர்தல், பங்குச்சந்தை என்றால் முந்தின நாள் சாயங்காலம் பேசியதே மறுநாள் காலையில் பழையதாகியிருக்கும். குரல் மட்டும் பழசாகாது, அதுதான் சிக்கல்.

வரவுசெலவு: நிறுவனங்களின் கதை சொல்லும் வலையொலிகளைக் கேட்டு முதலீடு செய்யலாமா?

முதலீட்டு ஆலோசனை என் வேலை இல்லை. வலையொலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிறுவனரே வந்து தன் கதையைச் சொல்லும் நிகழ்ச்சியில் தோல்விகூட ஜெயித்தவர் வாயிலிருந்துதான் வருகிறது. மூழ்கிப்போனவரை யாரும் பேட்டிக்குக் கூப்பிடுவதில்லை. நடுவில் வரும் விளம்பரம் யாருடையது என்றும் கவனியுங்கள்.

எனக்குப் பிடித்தது ‘பிளானெட் மணி’ என்ற அமெரிக்கப் பொருளாதார வலையொலி 2010-ல் செய்தது. அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடியில் எல்லோரும் திட்டிய நச்சுப் பத்திரங்களில் (வராக்கடனாகிப்போன வீட்டுக்கடன்களை மூட்டை கட்டி விற்றவை) ஒரு சின்னத் துண்டை, தங்கள் கையிலிருந்து 1,000 டாலர் போட்டு வாங்கினார்கள். அதற்கு ஒரு செல்லப்பெயரும் வைத்தார்கள். மாதாமாதம் என்ன வருகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பாதிப் பணம்கூடத் திரும்பவில்லை. நிபுணர் பத்துப் பேர் விளக்கியும் புரியாதது அதில் புரிந்தது.

சாரல்: ஆரம்பிக்க நினைக்கிறேன், நல்ல மைக்...

சாண். ஜன்னல்.

பனையோலை: ஒரே ஆள் ஐந்து மணி நேரம் வரலாறு சொல்கிறார். அது வரலாறா, கதாகாலட்சேபமா?

‘ஹார்ட்கோர் ஹிஸ்டரி’ நடத்தும் அமெரிக்கர் டான் கார்லினைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தான் வரலாற்று ஆய்வாளர் இல்லை என்று அவரே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்பவர்கள்தான் அதைக் காதில் வாங்குவதில்லை. எதிர்முனையில் பிபிசி வானொலியின் ‘இன் அவர் டைம்’. 1998-லிருந்து 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள். என் ஓட்டு அதற்கு.

செம்மண்: பேராசிரியர்கள் பேசினால் தூக்கம் வருகிறது சார். கதை சொன்னால்தானே நாலு பேர் வரலாற்றுப் பக்கம் வருவார்கள்?

வரட்டும். கதை சொல்லக்கூடாது என்று யார் சொன்னது? 2010-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நீல் மெக்ரெகர் 100 பொருள்களை வைத்து உலக வரலாறு சொன்னார். கால் மணி நேரம் என்கிற கணக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பகுதி. எகிப்திய மம்மியில் தொடங்கி சூரிய விளக்கில் முடித்தார். பொருள் கண்ணுக்குத் தெரியாத வானொலியில்! அதுவும் கதைதான். ஆனால் கதைக்குக் கீழே கையால் தொடக்கூடிய ஒரு பொருள் இருந்தது.

பனையோலை: அப்படியானால் மூன்று பேராசிரியர்கள் எதற்கு?

ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பதற்கு. ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியின் வலையொலி வடிவத்தில், வானொலி நேரம் முடிந்த பிறகு ஒரு வால் இருக்கும். ‘எதை விட்டுவிட்டோம்?’ என்று பிராக் கேட்பார். சுவையான சண்டை பெரும்பாலும் அங்கேதான். பிறகு தேநீரா காபியா என்று கேட்டு முடிப்பார்கள்.

செம்மண்: தனி ஆளிடமும் சந்தேகம் இருக்குமே?

இருக்கும். அதை வெட்டுவது நான். ஒரு பேட்டியில் ஆய்வாளர் ஒருவர், ‘இந்த வழக்கம் அந்த நூற்றாண்டில்தான் தொடங்கியது’ என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு, ‘என்று நினைக்கிறேன், ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றார். தயாரிப்பாளருக்கு அது இழுவையாகப் பட்டது. திரையில் ஓடும் ஒலி அலையில் அந்த மூச்சு சின்ன முடிச்சு மாதிரி தெரிந்தது. அங்கிருந்து 4 விநாடி எடுத்தேன். தயங்கிய மனிதர் சத்தியம் செய்பவராகிவிட்டார். தனி ஆள் பேசினால் அந்த 4 விநாடி போனதைச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

அவசரக்காரன்: ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கலாமா?

செய்திக்குக் கேளுங்கள். பேட்டிக்கு வேண்டாம், தயக்கம் காதில் விழாது. மீதி இருக்கும் தயக்கமாவது விழட்டும். அப்புறம், பதிவான தேதி.

புதியவன்: மைக்...

மேலே பாருங்கள் தம்பி.

இரவுப்பறவை: வெட்டியதைக் கேட்பவர் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஹெட்போன் போட்டு, பேச்சை விட்டுவிட்டு அறையின் இரைச்சலைக் கேளுங்கள். மின்விசிறி ஓசை திடீரென்று மாறினால், வாக்கியத்துக்கு முன்னால் மூச்சே இல்லையென்றால், அங்கே கத்தி பட்டிருக்கிறது. சுமாரான ஆள் வெட்டியிருந்தால்தான் தெரியும். நான் அறை இரைச்சலைத் தனியாகப் பதிவு செய்து இடைவெளியில் நிரப்பிவிடுவேன்.

பனையோலை: அந்த ஆய்வாளர் பார்த்துவிட்டுச் சொன்னாரா?

சொன்னார். ஒரு நூற்றாண்டு தள்ளிப்போனது. பகுதி அதற்குள் வெளியாகிவிட்டது, திருத்தம் போடுவோம் என்றார்கள், போடவில்லை. 14-ஆவது நிமிடத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது.