புகைச் சான்றிதழ் முடிந்துவிட்டால் இன்சூரன்ஸும் போச்சா?

கேள்வி: சொந்தமாக ஒரு டீசல் டாக்சி ஓட்டுகிறேன். போன வாரம் சிக்னலில் ஒரு பைக்கைப் பின்னால் இடித்துவிட்டேன். என் வண்டியில் பம்பரும் ரேடியேட்டரும் போயின. பைக்காரருக்குக் கால் எலும்பு முறிவு. புகைச் சான்றிதழ் முடிந்து அன்றைக்கு 11 நாள். அதற்குப் போலீஸ் தனியாக அபராதம் போட்டார்கள். சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயரோ, “பியுசி (புகைச் சான்றிதழ்) இல்லை, க்ளெய்ம் வராது” என்கிறார். ஸ்டாண்டில் எல்லோரும், “புகை டெஸ்ட்டே வசூல் வேலை, கோர்ட்டுக்குப் போ” என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சர்வேயர் சொன்னது தவறு. ஸ்டாண்டில் சொல்வதைக் கேட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

முதலில் க்ளெய்ம். 2017 ஆகஸ்டில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்றது. சர்வேயர்கள் இன்னும் பிடித்துத் தொங்குவது இதைத்தான். அது பாலிசி புதுப்பிக்கும் நாளுக்கான நிபந்தனை, விபத்து நாளுக்கானது அல்ல. சான்றிதழ் இல்லை என்பதற்காக க்ளெய்மை மறுக்க முடியாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020 ஆகஸ்டிலேயே விளக்கிவிட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது.

பைக்காரருக்கான நஷ்டஈடும் அப்படித்தான். இன்சூரன்ஸ் கம்பெனி எந்தக் காரணங்களைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 150(2) பட்டியல் போடுகிறது. லைசென்ஸ் இல்லாதது, பர்மிட் மீறல் போன்றவை அதில் உண்டு. புகைச் சான்றிதழ் முடிந்தது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே வாய்வார்த்தையை நம்பி க்ளெய்மை வாபஸ் வாங்காதீர்கள். மறுப்பதானால் காரணத்தோடு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பாதி பேர் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். வராவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

அபராதம் வேறு கதை. மத்திய மோட்டார் வாகன விதி 115(7)-ன்படி, பதிவாகி ஒரு வருடம் ஆன வண்டியில் செல்லுபடியாகும் சான்றிதழ் இருந்தே ஆக வேண்டும். மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடையும் வரலாம். 11 நாள்தானே என்பது கோர்ட்டில் வாதமாகாது. ஸ்பாட் ஃபைனைக் கட்டி முடிப்பதே லாபம். வழக்குக்கு அலைந்தால் அத்தனை நாள் சவாரி போகும்.

வசூல் வேலை என்ற கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சைலன்சரில் குழாயைச் செருகாமல், நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துச் சீட்டு நீட்டும் மையங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி வாங்கிய சீட்டு ரோட்டில் காப்பாற்றாது. கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரிந்தால், சான்றிதழ் கையில் இருந்தாலும், விதி 116-ன்படி சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி சோதிக்கச் சொல்லலாம். டீசல் வண்டியென்றால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துத்தான் அளக்க வேண்டும். அதைச் செய்யாமல் சீட்டு கொடுத்தால் வாங்காதீர்கள்.

ரேடியேட்டர் வேலை முடிந்து வண்டி வெளியே வந்த அன்றே புதுச் சான்றிதழ் எடுத்து, அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விதி 139-ன்படி செல்போனில் காட்டினாலே போதும்.