எரேமியா ஊரார் முன்னால் அழுதது ஏன்?

கடவுளின் தண்டனை வரும் என்று யூதா நாட்டு மக்களுக்கு அறிவித்த பைபிள் தீர்க்கதரிசி எரேமியாவே ஏன் அழுதார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மக்கள் அவருக்கு அந்நியர் அல்ல, சொந்த ஜனம், அதனால்தான். இரவும் பகலும் அழ என் கண்கள் கண்ணீர் ஊற்றாக இருக்கக்கூடாதா என்று எரேமியா புத்தகத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஏங்குகிறார். அடுத்த வசனத்திலேயே, இவர்களை விட்டு வனாந்தரத்துக்குப் போய்விடலாமா என்கிறார். பாசமும் வெறுப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. என்னை அதிகம் உலுக்குவது அந்த இடம்தான்.

அந்த மக்களின் குற்றமும் சின்னதல்ல. திருட்டு, கொலை, பொய்சத்தியம், பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் வழிபாடு. பிறகு ஆலயத்தில் வந்து நின்று 'தப்பினோம்' என்பார்கள். பாபிலோன் படை தலைநகர் எருசலேமை முற்றுகையிட்டபோது, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே கடந்துபோய் உடன்படிக்கை செய்து, எபிரெய அடிமைகளை விடுவித்தார்கள். எகிப்தியப் படை வருவது தெரிந்து பாபிலோன் படை சற்று விலகியது. உடனே, விடுதலையானவர்களை மறுபடியும் அடிமையாக்கிக்கொண்டார்கள்!

அவர் துக்கம் தனியறையோடு நிற்கவில்லை. ஒப்பாரி வைக்கும் பெண்களைக் கூப்பிடுங்கள், உங்கள் மகள்களுக்கும் புலம்பல் கற்றுக்கொடுங்கள் என்றார். நகரம் விழுந்தது அதற்குப் பிறகு, கி.மு. 587 வாக்கில்.