புது வெப் டிசைனருக்கு ஐடியா எங்கிருந்து வரும்?

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் எல்லா டிசைனும் ஒரே மாதிரி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பின்ட்ரெஸ்ட், பிஹான்ஸ் மாதிரி டிசைன் படங்கள் பகிரும் தளங்களை மட்டும் பார்த்தால் அப்படித்தான் வரும். எல்லாரும் அதைத்தானே பார்க்கிறார்கள்.

எனக்கு செங்கோட்டை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். ஓணம் சமயத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு சைட் செய்தபோது ஐந்து நாள் ஒன்றுமே ஓடவில்லை. கடைக்கே போய் உட்கார்ந்தேன். ஒரு கசவு வேட்டியை விரித்துப் போட்டார்கள். முழுக்க வெறும் பழுப்பு வெள்ளை, ஓரத்தில் மட்டும் ஜரிகைக் கரை. அந்த வெறுமைதான் அழகே! அப்படியே முகப்புப் பக்கமாக்கினேன்.

கூடவே ஒரு கூத்தும் நடந்தது. விலையையும் அதே பொன்நிறத்தில் போட்டுத் தொலைத்தேன். வெயிலில் போனைப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி விதி; எல்லாரும் பயன்படுத்தும்படி சைட் செய்வதற்கான சர்வதேச வழிகாட்டி அது. பொன்னைக் கோட்டோடு நிறுத்தி, எழுத்தைக் கரும்பழுப்பாக்கினேன்.

தமிழ் சைட் என்றால் வரி இடைவெளியையும் கூட்டுங்கள். நெருக்கினால் மேல் வரி 'ழு'வும் கீழ் வரி 'கீ'யும் முட்டிக்கொள்ளும். நான் எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைக்கிறேன்.