சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ‘பொன்னியின் செல்வன்’ மழுப்பியதற்குக் கல்வெட்டில் பதில் உண்டா?

பாதிப் பதில் உண்டு. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ‘ராஜகேசரி’ என்ற பட்டம் கொண்ட சோழ மன்னரின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பெரும்பாலோர் இதை ராஜராஜனுடையதென்றே கொள்கிறார்கள். ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ என்று சொல்லி சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயரோடு குறிக்கிறது.

ஆனால் இது விசாரணைக் குறிப்பு அல்ல, சொத்து ஆவணம். துரோகிகளின் உறவினர் நிலங்களைப் பறிப்பதுதான் அதன் அக்கறை. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பது அதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் வாசகர்கள் சறுக்குகிறார்கள். சுந்தர சோழருக்குப்பின் அரசரான உத்தம சோழன்மேல் விழும் பழி ஆய்வாளர் ஊகம் மட்டுமே. நந்தினியோ கல்கியின் கற்பனை. வந்தியத்தேவன் அப்படியல்ல, குந்தவையின் கணவராகக் கல்வெட்டுகளில் வருகிறவர்.

நாவலை முதலில் முடியுங்கள். 5 பாகங்களும் முடிந்தபின் கல்வெட்டு வாசகத்தை எடுத்தால், ரவிதாசன் என்ற பெயரே சிலிர்க்க வைக்கும்.